பாறையில் பனியைக் கண்டவர்



நம் முன்னோர் ஏன் கடல் தாண்டினார்கள் என்று கேட்டால், பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தையும் சொல்வார்கள். 1876 இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னாட்டில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர்களில் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் புறப்பட்டனர். பழி முழுவதையும் வானத்தின் மேல் போட முடியாது. மக்கள் பட்டினி கிடந்தபோதே தானியம் கப்பலேறியது.

அப்போது இந்தியாவின் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஹென்றி பிளான்போர்ட். அவர் பாறைகளைப் படித்தவர், நிலவியல் அறிஞர். 1855 இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு, தம் அண்ணன் வில்லியமுடன் ஒரிசாவின் தால்சேர் பகுதியை ஆராய்ந்தார். அங்கே மெல்லிய களிமண்ணுக்குள் பெரும் பாறை உருண்டைகள் புதைந்து கிடந்தன. ஆற்று வெள்ளம் உருட்டி வந்தது என்றால் அந்தக் களிமண் அடித்துப் போயிருக்க வேண்டுமே! பனிக்கட்டிதான் சுமந்து வந்து போட்டது என்றார்கள் சகோதரர்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனியா என்று பலர் நம்பவில்லை. 1872 இல் கோதாவரிப் பக்கத்தில், பனியாறு உரசிய கீறல்களோடு கற்கள் கிடைத்தன. அந்தப் பனிக்காலம் ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தியது.

அவர் நீலகிரிப் பாறைகளையும் அரியலூர்ப் பக்கத்துக் கல்லாகிய கிளிஞ்சல்களையும் ஆராய்ந்தவர். 1864 இல் கல்கத்தாவைப் புயல் தாக்கியபின் அதைப் பற்றி அறிக்கை எழுதினார். 1875 இல் வானிலைத் துறை அவர் பொறுப்பில் வந்தது. வந்த மறு ஆண்டே பஞ்சம்.

மழை தவறப் போவதை முன்கூட்டியே அறிய முடியுமா? 1884 இல் அவர் சொன்ன விடை இது: இமயத்தில் பனி மிகுதியாக விழுந்த ஆண்டில் பருவமழை குறைகிறது. சூடேறிய அடுப்புக்கல்லில் ஈரத்துணியைப் போட்டால் என்ன ஆகும்? சூடெல்லாம் ஈரத்தை உலர்த்தவே செலவாகிவிடும். அதுபோல வெயில் பனியை உருக்கவே போய்விட, நிலம் காய்வதில்லை. கடற்காற்றை இழுக்கும் வலுவும் குறைகிறது. 1886 இல் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் முதல் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார்.

கணக்கு எப்போதும் பலிக்கவில்லை. அவர் 1893 இல் காலமானார். 1899 இல் நல்ல மழை என்று துறை அறிவித்தது, வந்ததோ கடும் வறட்சி.

இன்று இமயத்துப் பனியாறுகள் உருகிச் சுருங்குகின்றன. உருகிய நீர் உச்சியில் ஏரிகளாகத் தேங்குகிறது. 2023 அக்டோபரில் சிக்கிமில் அப்படி ஓர் ஏரி உடைந்து, கீழே இருந்த அணையையே அடித்துச் சென்றது. அணைக்குக் கீழே குடியிருப்பது என்னவென்று, 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்த இரவைக் கண்ட நம் கேமரன் மலை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.