புன்டஸ்லீகா

ஜெர்மனியின் முதல்நிலைத் தொழில்முறைக் கால்பந்துத் தொடர். வட்டார லீக்குகளுக்குப் பதிலாக நாடு முழுமைக்கும் ஒரே லீக் என்ற முடிவு 1962இல் டார்ட்மண்ட் நகரில் எடுக்கப்பட்டது. 1963 ஆகஸ்ட் 24 அன்று 16 கிளப்புகளுடன் (அன்றைய மேற்கு ஜெர்மனியில்) ஆட்டங்கள் தொடங்கின. பிரேமனில் ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே டார்ட்மண்ட் வீரர் டிமோ கோனியெட்ஸ்கா தொடரின் முதல் கோலைப் போட்டுவிட்டார். அதைப் படம் பிடித்தவர் யாருமில்லை. ஆட்டத்தில் வென்றதென்னவோ பிரேமன்தான். முதல் பட்டம் கொலோனுக்குப் போனது.

இப்போது 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள். கடைசி இரண்டு அணிகள் நேராகக் கீழிறங்கும். 16ஆவது இடத்திலுள்ள அணி, இரண்டாம் நிலை லீக்கில் மூன்றாமிடம் பெற்ற அணியுடன் மோதித் தப்பிக்கப் பார்க்கும்.

பிற நாட்டு லீக்குகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ‘50+1’ விதி. கிளப்பின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். பணமுள்ளவர் வந்து முழுதாக வாங்கிவிட முடியாது. பேயர் நிறுவனத்தின் லெவர்குசனும் ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்புர்க்கும் விதிவிலக்குகள். வாக்குரிமை உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய லைப்சிக், விதியின் எழுத்தைக் காப்பாற்றுகிறது, அவ்வளவே. ரசிகர்களுக்கான இடம் அரங்கிலும் தெரிகிறது: டார்ட்மண்டின் தெற்கு மாடத்தில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள்.

பட்டங்களில் பேயர்ன் மியூனிக்கை நெருங்க ஆளில்லை: 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11. அந்த வரிசையை முறித்த லெவர்குசன், 2023–24 பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தன் முதல் பட்டத்தை வென்றது. லீக்கில் தான் நீடித்த காலத்தை மைதானக் கடிகாரத்தில் ஓடவிட்டுப் பெருமைப்பட்ட ஹாம்புர்க் 2018இல் முதன்முறையாகக் கீழிறங்கியது. மீண்டும் மேலேற 2025 ஆனது.