ஏற்ற நாடும் மறுத்த நாடும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது தமிழர் வழக்கிலுள்ள பழமொழி. இரண்டனுள் ஒன்றே ஒரு குடும்பத்தின் கையிருப்பைக் கரைத்துவிடப் போதும் என்பதைப் பட்டறிந்தோர் சொல்லிவைத்த மொழி அது. இரண்டையும் ஒருசேரச் செய்யத் துணியும் குடும்பம் அரிது. உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியை ஏற்று நடத்த முன்வரும் நாடோ அதைத்தான் செய்கின்றது. திடல்களைக் கட்டவும் வேண்டும்; வந்தாரை ஓம்பவும் வேண்டும். விருந்தினர் வாயிலில் வந்து நிற்கும்போது, வீட்டினுள்ளே பசித்திருப்போர் உளராயின் அவ்விருந்தை ஏற்பது முறையா என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

கிண்ணத்தை வென்ற அணிகளின் பெயர்களை மாணவர் பலர் மனப்பாடமாகச் சொல்வர். எந்த மண்ணில் அப்போட்டி நடைபெறவேண்டும் என்று முடிவு செய்யப்பட்ட வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று. திடலில் தொண்ணூறு நிமிடங்களில் முடியும் போர், மாநாட்டு மண்டபங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்ததுண்டு. அவ்வரலாற்றில் தென்னமெரிக்க நாடுகள் இரண்டின் கதை தனித்து நோக்கத்தக்கது. ஒன்று, கைப்பொருள் இன்றியும் போட்டியைக் கேட்டுப் பெற்றது. மற்றொன்று, கைக்கு வந்த போட்டியைத் திருப்பிக் கொடுத்தது. முன்னது சிலி, பின்னது கொலம்பியா.

இவ்விரண்டன் நிலையும் விளங்க, முன்வரலாறு சிறிது தெரிதல் வேண்டும். 1929ஆம் ஆண்டு பார்சலோனா நகரில் கூடிய அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் மாநாடு, முதற்போட்டியை உருகுவேக்கு வழங்கியது. தன் முதல் அரசியற் சட்டத்தின் நூற்றாண்டை 1930இல் கொண்டாடவிருந்த அச்சிறு நாடு, வரும் அணிகளின் பயணச் செலவையும் தங்குமிடச் செலவையும் தானே ஏற்பதாக வாக்களித்திருந்தது. அழைப்பு அத்துணைப் பெருந்தன்மையுடையதாக இருந்தும், அட்லாண்டிக் கடலைக் கப்பலிற் கடந்து சென்ற ஐரோப்பிய அணிகள் நான்கே: பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா. உருகுவே அதை மறக்கவில்லை. 1934இல் இத்தாலியில் நடந்த போட்டிக்கு, கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த உருகுவே செல்லவேயில்லை. அடுத்த முறை தமக்கே என்று அர்ஜெண்டினர் நம்பியிருந்தனர். ஆனால் 1936இல் பெர்லினிற் கூடிய மாநாடு 1938ஆம் ஆண்டுப் போட்டியைப் பிரான்சுக்குக் கொடுத்தது. அர்ஜெண்டினாவும் உருகுவேயும் அதனைப் புறக்கணித்தன. உலகப் போருக்குப் பின் 1950இல் பிரேசிலுக்கு வாய்ப்புக் கிட்டியது என்றாலும், 1954இல் சுவிட்சர்லாந்து, 1958இல் சுவீடன் என இருமுறை தொடர்ந்து ஐரோப்பாவே விருந்தளிக்கும் இல்லமாயிற்று. 1962ஆம் ஆண்டுப் போட்டியேனும் தம் கண்டத்துக்கு வராவிடின் மீண்டும் புறக்கணிப்போம் என்று அமெரிக்கக் கண்டத்துச் சங்கங்கள் எச்சரித்தன.

இந்நிலையில்தான் 1956ஆம் ஆண்டு ஜூன் திங்களில் லிஸ்பன் மாநாடு கூடியது. களத்தில் நின்றவை அர்ஜெண்டினாவும் சிலியும். அர்ஜெண்டினாவிடம் பெருந்திடல்கள் இருந்தன; பெயர்பெற்ற கழகங்கள் இருந்தன; இருப்புப்பாதைகளும் விடுதிகளும் இருந்தன. நாளைக்கே போட்டியைத் தொடங்கச் சொன்னாலும் எங்களால் இயலும் என்னும் கருத்துப்பட அந்நாட்டின் பேராளர் பேசினார். அது வெறும் பெருமையன்று, உண்மையே. சிலியின் சார்பிற் பேசியவர் கார்லோஸ் டிட்போர்ன் என்பவர். திடல்களைக் காட்டி வெல்ல அவருக்கு வழியில்லை. ஆகவே அவர் சம்மேளனத்தின் விதிகளையே சான்றாகக் காட்டினார். ஆட்டம் நன்கு வளராத நாடுகளிலும் அதனை வளர்ப்பது சம்மேளனத்தின் கடமையாயின், எல்லாம் உள்ள நாட்டுக்கே போட்டியைத் தருவது எங்ஙனம் பொருந்தும் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். வாக்கெடுப்பிற் சிலி பெருவாரியாக வென்றது. எங்களிடம் ஒன்றும் இல்லை, அதனாலேயே யாவற்றையும் செய்ய விரும்புகிறோம் என்று டிட்போர்ன் கூறியதாக வழங்கும் தொடரைச் சிலி நாட்டு மக்கள் பின்னர்த் தம் முழக்கமாகவே கொண்டனர்.

வென்றபின்தான் சோதனை வந்தது. 1960ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் சிலியின் தென்பகுதியை ஒரு நிலநடுக்கம் குலுக்கியது. அதன் அளவு 9.5 என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். கருவிகளால் அளக்கப்பட்ட நிலநடுக்கங்களுள் அதனினும் பெரியது வேறில்லை. ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் வீடிழந்தனர். கடல் பொங்கிக் கரையோர ஊர்களை விழுங்கியது. அவ்வலைகள் ஹவாய்த் தீவுகளையும் ஜப்பானையும் சென்று தாக்கின. போட்டிக்கெனக் குறிக்கப்பட்டிருந்த நகரங்களுள் தால்கா, கன்செப்சியோன், தல்காவானோ, வல்டீவியா ஆகியவை பெருஞ்சேதமுற்றன. வேறு இரு நகரங்கள் செலவுக்கு அஞ்சி விலகின. போட்டியை வேறு நாட்டுக்கு மாற்றியிருந்தால் சிலியைக் குறை கூறியிருப்பார் யாருமிலர்.

சிலி விட்டுக்கொடுக்கவில்லை. எஞ்சியவற்றைக் கொண்டு திட்டத்தை மறுபடி வகுத்தனர். தலைநகர் சாந்தியாகோவும் கடற்கரை நகர் வீன்யா டெல் மாரும் இருந்தன. வடகோடியில் பெரு நாட்டின் எல்லையருகே உள்ள அரிக்கா முன்வந்தது. ரங்காகுவா நகரில் அமெரிக்கச் செப்புச் சுரங்க நிறுவனம் ஒன்று தன் திடலைத் தந்துதவியது. ஆக நான்கே நகரங்கள், நான்கே திடல்கள். பதினாறு அணிகள் ஆடிய 32 ஆட்டங்களும் அந்நான்கில் நடந்து முடிந்தன. 1962ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் போட்டி தொடங்கியது. அதைக் காண டிட்போர்ன் உயிரோடு இல்லை. ஏப்ரல் 28ஆம் நாளே அவர் காலமாகிவிட்டார். பந்தற்கால் நட்டவர் பந்தி நடந்த நாளில் இல்லாமற்போனார் எனலாம். அரிக்காத் திடலுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

வந்த விருந்தினர் எல்லாரும் அவ்வீட்டின் அருமையை உணர்ந்தவர் அல்லர். சாந்தியாகோவின் வறுமையையும் அழுக்கையும் எள்ளி நகையாடி இத்தாலியச் செய்தியாளர் இருவர் தம் நாட்டு ஏடுகளில் எழுதினர். அது சிலிக்கு எட்டியபோது மக்கள் கொதித்தனர். ஜூன் 2ஆம் நாள் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டம் காற்பந்தாக இல்லை, கைகலப்பாகவே முடிந்தது. இத்தாலியர் இருவர் வெளியேற்றப்பட்டனர். காவலர் பன்முறை திடலுக்குள் இறங்கவேண்டியதாயிற்று. சிலி 2-0 என வென்றது. அன்று நடுவராக இருந்த கென் ஆஸ்டனே பிற்காலத்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகளை ஏற்படுத்தியவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. அந்நாளைய சிலி ஆட்டக்காரரின் முரட்டுத்தனத்தை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆயினும், ஏழையின் வீட்டிற்கு விருந்துண்ண வந்து கூரையின் ஓட்டையைக் குறை சொல்வது எவ்வகைப் பண்பு என்று சிலியர் கேட்டதிலும் தவறில்லை. இறுதியிற் பிரேசில் கிண்ணம் வென்றது. யூகோஸ்லாவியாவைத் தோற்கடித்துச் சிலி மூன்றாமிடம் பெற்றது. உலகக் கிண்ண வரலாற்றில் அந்நாடு எய்திய உயர்நிலை அதுவே.

பன்னீராண்டு கழித்து, 1974ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 1986ஆம் ஆண்டுப் போட்டி கொலம்பியாவுக்கு வழங்கப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன்னரே நாட்டைத் தேர்ந்துவிடுவது அக்காலச் சம்மேளனத்தின் வழக்கமாக இருந்தது. அதன் இடர்ப்பாடு அர்ஜெண்டினாவிற் புலப்பட்டது. 1978ஆம் ஆண்டுப் போட்டிக்கு அந்நாடு தேர்ந்தெடுக்கப்பட்டது 1966இல். போட்டி நெருங்கிய 1976இல் இராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றிவிட்டனர். வாக்குறுதி பெற்ற அர்ஜெண்டினா வேறு, போட்டி நடந்த அர்ஜெண்டினா வேறு. கொலம்பியாவிலோ மாறியது நாடு அன்று, போட்டியே மாறிவிட்டது.

கொலம்பியா கேட்டபோது போட்டியில் ஆடிய அணிகள் பதினாறு. 1982ஆம் ஆண்டு ஸ்பெயினில் அது இருபத்துநான்காயிற்று. ஆட்டங்கள் 52 ஆயின. ஸ்பெயின் பதினேழு திடல்களை அதற்கெனப் பயன்படுத்தியது. சிறிய விருந்துக்கு ஒப்புக்கொண்டவனிடம் ஊர்ச் சாப்பாடு போடச் சொன்ன கதை இது. சம்மேளனம் கொலம்பியாவின்முன் வைத்த வேண்டுகோள்கள் சிறியவையல்ல. முதற்சுற்றுக்கு 40,000 பேர் அமரத்தக்க பன்னிரண்டு திடல்கள், அடுத்த சுற்றுக்கு 60,000 பேருக்குரிய நான்கு, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதியாட்டத்துக்கும் 80,000 பேருக்குரிய இரண்டு. நகரங்களை இணைக்கும் இருப்புப்பாதை. பெரிய விமானங்கள் இறங்கத்தக்க நிலையங்கள். அதிகாரிகள் ஏறிச்செல்ல உயர்தரக் கார்கள். ஆண்டிஸ் மலைத்தொடர் மூன்று கிளைகளாகப் பிரிந்து ஊடறுத்துச் செல்லும் நாடு கொலம்பியா. அங்கே நகருக்கு நகர் இருப்புப்பாதை அமைப்பது எளிதான செயலன்று என்பதைப் புவியியல் பயிலும் மாணவரும் அறிவர்.

கொலம்பியரின் பக்கத்திலும் பிழையுண்டு. போட்டி கிடைத்தபின் இரண்டு அதிபர்கள் முழுப் பதவிக்காலமும் ஆண்டு முடித்தனர். எட்டாண்டுகள் கழிந்தும் பணி குறிப்பிடத்தக்க அளவில் நகரவில்லை. 1982ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அதிபர் பதவியேற்ற பெலிசாரியோ பெத்தான்கூர், கணக்கைப் பார்த்தார். அக்டோபர்த் திங்களின் இறுதியில் தொலைக்காட்சியில் தோன்றிச் சுருக்கமாகப் பேசினார். போட்டி கொலம்பியாவுக்குப் பயன்படவேண்டுமே தவிரக் கொலம்பியா போட்டிக்கு ஏவல் செய்யக்கூடாது என்னும் நெறி காக்கப்படவில்லை என்றார். நாட்டிற் செய்யவேண்டிய பணிகள் பல இருக்க, சம்மேளனத்தாரின் ஆடம்பரங்களுக்கு ஈடுகொடுக்க நேரமில்லை என்பதையும் மறையாது கூறினார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்த்தான் கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேசுக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. இழந்த போட்டிக்கு அந்த எழுத்தாளரே முழு ஈடு என்ற பொருள்பட அதிபர் உரையை முடித்தார். காற்பந்துப் பித்துப் பிடித்த ஒரு நாட்டில், நாட்டின் தலைவரே போட்டியைத் தராசின் ஒரு தட்டிலும் எழுத்தாளர் ஒருவரை மறுதட்டிலும் வைத்துப் பேசியது உலக வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்ததன்று.

விலகிய போட்டியைப் பெற மெக்சிகோ, அமெரிக்க ஐக்கிய நாடு, கனடா ஆகிய மூன்றும் முனைந்தன. அமெரிக்காவுக்காகப் பரிந்து பேசியவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சர். 1983ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஸ்டாக்ஹோமிற் கூடிய செயற்குழு மெக்சிகோவைத் தேர்ந்தது. 1970இல் கட்டிய வீடு அந்நாட்டிடம் இருந்தது; இரண்டாம் முறை ஏற்று நடத்திய முதல் நாடும் அதுவாயிற்று. ஆனால் நிலமகள் அங்கும் பொறுக்கவில்லை. 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் மெக்சிகோ நகரில் நிலம் அதிர்ந்து பல்லாயிரவர் மாண்டனர். திடல்கள் பெரும்பாலும் பிழைத்தன. அடுத்த ஆண்டு தொடக்க விழாவில் அந்நாட்டு அதிபர் பேச எழுந்தபோது, கூட்டத்தினர் கூச்சலிட்டு எள்ளினர். ஐரோப்பியத் தொலைக்காட்சிகளின் மாலைநேரத்துக்கு ஏற்ப, உச்சி வெயிலில் ஆட்டங்கள் நடத்தப்பட்டன. விருந்தினருக்காக வீட்டார் மட்டுமன்றி வெயிலும் காத்திருந்தது போலும்.

அதே காலத்திற் கொலம்பியாவில் நடந்தவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் தொடக்கத்தில், தலைநகர் பொகோட்டாவின் நீதி மாளிகையை ஆயுதக் குழுவினர் கைப்பற்ற, இராணுவம் தாக்க, நீதிபதிகள் உட்பட ஏறத்தாழ நூறுபேர் மடிந்தனர். ஒரு வாரத்துக்குள் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை பொங்கி, ஆர்மேரோ என்னும் ஊரைச் சேற்றில் மூழ்கடித்தது. மாண்டோர் 20,000க்கு மேற்பட்டவர். போட்டியைக் கைவிடாதிருந்தால், அதன் தொடக்கத்துக்கு ஏழு திங்களே எஞ்சியிருந்த வேளை அது. பெத்தான்கூர் இவற்றை முன்னறிந்தவர் அல்லர். எனினும், திடல்களுக்குச் செல்லவிருந்த பொருள் அவ்வாண்டிற் கொலம்பியாவுக்கு வேறு வகையில் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தன் வலியையும் பொருளின் அளவையும் அறிந்து நடத்தற்கு வலியறிதல் என்று வேறோர் அதிகாரமும் வகுத்திருக்கின்றார். சிலி முன்னதைப் போற்றியது, கொலம்பியா பின்னதைப் போற்றியது என்று எளிதாகப் பிரித்துவிடல் தகாது. சிலி ஏற்றது பதினாறு இலைகளுக்கான பந்தி. நான்கு திடல்களில் அது முடிந்தது. கொலம்பியாவுக்கு வந்த பட்டியலை 1960ஆம் ஆண்டின் சிலியிடம் நீட்டியிருந்தால், டிட்போர்னும் கையெழுத்திட்டிருக்க இயலாது. கொலம்பியா தன் வாக்கைத் தவறியது என்று பலர் எழுதினர். வாக்கின் பொருளை இடையில் மாற்றியவர் யார் என்பதை அவர்கள் போதிய அளவு ஆராயவில்லை.

பிற்காலத்தில் பந்தி மேலும் நீண்டது. 1998இல் 32 அணிகள் ஆயின. 2002இல் ஜப்பானும் கொரியாவும் தலைக்குப் பத்துத் திடல்களாகப் பகிர்ந்து நடத்தின. 2026ஆம் ஆண்டுக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள் என வகுக்கப்பட்டு, வடஅமெரிக்க நாடுகள் மூன்றுக்கும் அது பங்கிடப்பட்டது. கொலம்பியா 2001இல் தென்னமெரிக்கக் கிண்ணப் போட்டியை நடத்தித் தானே வென்றது. 1997இல் மலேசியா ஏற்று நடத்திய இளையோர் உலகக் கிண்ணத்தை 2011இல் அதுவும் நடத்தியது. மகளிர் உலகக் கிண்ணம் 2023ஐக் கேட்டு, 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கூட்டணியிடம் 22க்கு 13 எனத் தோற்றது.

சிலியின் கதைக்கும் ஒரு பிற்சேர்க்கை உண்டு. 2030ஆம் ஆண்டு முதற்போட்டியின் நூற்றாண்டாதலால், அதனைத் தென்னமெரிக்காவில் நடத்தவேண்டுமென உருகுவே, அர்ஜெண்டினா, பராகுவே, சிலி ஆகிய நான்கும் கூடிக் கேட்டன. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் சம்மேளனம், போட்டியை ஸ்பெயின், போர்த்துகல், மொரோக்கோ ஆகியவற்றுக்கு ஒதுக்கியது. நூற்றாண்டு நினைவாக உருகுவே, அர்ஜெண்டினா, பராகுவே மூன்றும் ஆளுக்கோர் ஆட்டம் பெற்றன. சிலிக்கு ஒன்றுமில்லை.