மண்ணெண்ணெய் மானியமும் மூன்று வாதங்களும்

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாதென ஏப்ரல் 12 ஆம் திகதி அரசு அறிவித்து நான்கு மாதங்களே கடந்திருந்தன. அந்த விலையேற்றம் குறித்து எழுந்த வாதங்களை விளங்கிக் கொண்டால், இந்நாட்டின் ஏனைய பொருளாதார விவாதங்களையும் பெருமளவுக்கு விளங்கிக் கொள்ளலாம் என்பது எமது கருத்து.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, வாகரைப் பிரதேசத்தில் உள்ள பனிச்சங்கேணியை எடுத்துக் கொள்வோம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். வாவியில் தோணி வலித்து வலை வீசுபவரின் தொழிலுக்கு மண்ணெண்ணெய் தேவையில்லை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகில் கடலுக்குச் செல்பவருக்கோ அதுவே முதற் செலவு. தெற்கே வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் மீன் வாங்கி விற்பவருக்கும் அச்செலவின் ஒரு பங்கு வந்து சேர்கின்றது. எரிபொருள் விலைக்குத் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் கிடையாது.

சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிப்போர் கூறுவது இது: கொள்விலைக்குக் குறைவாக விற்பதால் ஏற்படும் நட்டத்தைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரச வங்கிகளிடம் கடன் வாங்கிச் சமாளிக்கின்றது. அக்கடன் பெருகும் போது பணம் அச்சிடப்படுகின்றது. ரூபாவின் பெறுமதி வீழ்கின்றது. நட்டம் முழுவதும் விலைவாசியாக மீனவரின் அடுக்களைக்கே திரும்பி வருகின்றது. மலிவான மண்ணெண்ணெயை டீசலுடன் கலந்து இலாபம் பார்ப்போரும் உண்டு. ஆகவே விலையைச் செலவுக்கு ஏற்ப விட்டு, ஏழைகளின் கையில் பணத்தைக் கொடுங்கள் என்கின்றனர். இதனை ஏழைகளுக்கு விரோதமான வாதமென ஒதுக்கி விடுவது இலகு. ஆனால், 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை அனுபவித்தவர்கள் அவ்வாறு ஒதுக்கத் தயங்குவார்கள்.

இடதுசாரிகளின் பதிலிலும் வலு உண்டு. விலை இன்று ஏறுகின்றது, நிவாரணம் என்றோ ஒரு நாள் வருகின்றது. இடையில் படகு கரையில் கிடக்கின்றது என்கின்றனர் அவர்கள். அஸ்வெசும கொடுப்பனவு 2023 ஜூலையிலேயே ஆரம்பமாயிற்று. அப்போதும் மேன்முறையீடுகள் இலட்சக் கணக்கில் குவிந்தன. திறைசேரி வறண்டமைக்கு மானியம் மாத்திரமா காரணம் என்றும் அவர்கள் வினவுகின்றனர். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரியும் தளர்த்தப்பட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக்கப்பட்ட போது, அந்தப் பழைய சலுகையின் பாக்கியைக் கடையில் சவர்க்காரம் வாங்குபவரும் செலுத்த நேர்ந்தது.

இவ்வாதங்களைக் கட்சிகளின் பெயரால் மாத்திரம் எடை போடுவோர் ஏமாறுவர். 1953 இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய போது, இடதுசாரிகள் ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் நடத்தினர். பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்த ஹர்த்தாலின் தலைவர்களுள் ஒருவரான கலாநிதி என்.எம். பெரேரா, சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் தாமே நிதியமைச்சராக இருந்த 1973 இல் பங்கீட்டு அரிசி வெட்டப்பட்டது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியிருந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. 2023 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்ட சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் திட்டத்தைக் கண்டித்து வந்த தேசிய மக்கள் சக்தியும், 2024 இல் ஆட்சிக்கு வந்த பின்னர் அதனைத் தொடர்ந்தது. இதனை வெறும் துரோகமென்று கூற நாம் தயாரில்லை. எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்து பார்க்கும் போது தெரியாத கணக்கொன்று திறைசேரியில் இருக்கின்றது.

கொழும்பின் இரு தரப்பினரும் அநேகமாகப் பேசாத மூன்றாவது வாதமொன்று கிழக்கில் உண்டு. போரும் 2004 சுனாமியும் 2006, 2007 இடப்பெயர்வும் கண்ட வாகரை மக்கள், மற்றவர்களுடன் ஒரே கோட்டிலிருந்து ஓட்டத்தை ஆரம்பிக்கவில்லை. அவர்களுக்கு 'அரச அபிவிருத்தி' என்பதும் 'தனியார் முதலீடு' என்பதும் முதலில் காணி பற்றிய கேள்விகளாகும். அண்மைய ஆண்டுகளில் இப்பிரதேசத்தில் இறால் பண்ணைத் திட்டத்துக்கும் இல்மனைட் அகழ்வுக்கும் எதிராக மக்கள் வீதியில் இறங்கியதை இவ்வாறுதான் விளங்கிக் கொள்ள வேண்டும். இறால் ஏற்றுமதியால் டொலர் வரும் என்பது உண்மை. இறால் குளத்தின் கழிவு நீர் வாவியில் கலந்தால் கண்டல் மரங்களும் மீன் குஞ்சுகளும் பாதிக்கப்படும் என்பதும் உண்மையே. டொலர் மத்திய வங்கியின் கணக்கில் ஏறும். தோணி வலிப்பவரின் நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதற்கு, திட்டத்தைக் கொண்டு வருபவர்களே வாகரைக்கு வந்து பதில் கூற வேண்டும்.