அஞ்சு கல்லும் நாலு குச்சியும்

பொட்டிபுரம் என்ற பெயர் வெளியூர்க்காரர்கள் காதில் விழுந்ததே நியூட்ரினோ துகளை ஆராயும் திட்டத்தால்தான். போடிநாயக்கனூருக்குத் தெற்கே தேவாரம் போகும் பக்கம், அம்பரப்பர் மலையைக் குடைந்து 50,000 டன் காந்த இரும்பை உள்ளே நிறுத்தும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றது. அதே துகளைத் தேடும் ஆய்வைத் தென் கொரியர்கள் தங்கள் அணு உலை ஒன்றின் அருகே 2011-லேயே தொடங்கிவிட்டார்கள். ஆனால் இந்த மலையடிவாரத்துக்கும் கொரியாவுக்கும் அதைவிடப் பழைய ஒற்றுமை ஒன்று உண்டு. அதற்குச் சுரங்கம் வேண்டாம், அமைச்சரவை ஒப்புதலும் வேண்டாம். ஐந்து கூழாங்கல் போதும்.

2024 டிசம்பரில் ‘ஸ்குவிட் கேம்’ தொடரின் இரண்டாம் பருவம் வந்தபோது, அதில் ஒரு ஆள் ஐந்து சின்னக் காய்களைத் தரையில் இறைத்து, ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் மற்றதை அள்ளுகிறார். கொரியர்கள் அதைக் கொங்கி என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அஞ்சாங்கல், தட்டாங்கல், சொட்டாங்கல் என்று ஊருக்கொரு பெயர் வைத்து இங்கே பெண் பிள்ளைகள் ஆடிவந்த ஆட்டம் அது. முதல் சுற்றில் ஒவ்வொன்றாக, அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கையும் ஒரே வாரலில். இதுவரை இரண்டு நாட்டுக்கும் ஒரே சட்டம்.

வேறுபாடு ஐந்தாம் சுற்றில் வருகிறது. கொரியாவில் ஐந்தையும் மேலே வீசிப் புறங்கையில் ஏந்த வேண்டும். புறங்கையில் நின்றவற்றை மறுபடி எறிந்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். எத்தனை பிடித்தாரோ அத்தனை ‘வயது’. ஆட்டத்தின் புள்ளிக்கணக்கே ஆண்டுக்கணக்குதான். இத்தனை வயது எட்டினால் வெற்றி என்று முதலிலேயே பேசிக்கொண்டு உட்காருவார்கள். ஒரு வயது வித்தியாசத்துக்கும் பேச்சில் மரியாதை மாறும் சமூகம் அது. புதிதாக அறிமுகமாகும் இருவர் வயதைத்தான் முதலில் விசாரித்துக்கொள்வார்கள். அங்கே பிள்ளைகள் விளையாட்டிலும் வயதைச் சேர்க்கிறார்கள். நம் பிள்ளைகளோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாட்டைச் சேர்த்தார்கள். சட்டம் ஒன்றாக இருக்கும் இடத்தில் கொரியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகமில்லை. விலகும் இடத்தில்தான் அந்த ஊர் தெரிகிறது.

கல்லாட்டத்தின் வயது இந்தப் பக்கம் மிக நீளம். போடியைத் தொட்டு ஓடும் கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் கடைசியில் வைகைக்குத்தான் போகிறது. அதே வைகைக் கரையில் கீழே இருக்கும் கீழடியில் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடைகளும் அகழ்வாய்வில் கிடைத்தன. சங்கப் பாடல்களில் வீட்டு முற்றத்து மணலில் பெண்கள் கழங்கு ஆடுகிறார்கள். அதே பாடல்களில் இன்னொரு இடத்தில், மகள் மெலிந்துபோனதற்குக் காரணம் என்ன என்று தாய் கேட்க, முருகன் பூசாரியான வேலன் வந்து கழங்கை இட்டுக் குறி பார்க்கிறான். விளையாட்டுக்கும் குறிக்கும் ஒரே காய்.

கொரியாவிலும் இதுதான் நிலைமை. ஆனால் அங்கே குறி சொன்னது கல் அல்ல, நாலு குச்சி.

யுட்நோரி என்னும் அந்த ஆட்டத்தைக் கொரியக் குடும்பங்கள் சந்திரப் புத்தாண்டில் பாயை விரித்து ஆடுகின்றன. புத்தாண்டு நாளில் தொடங்கி முதல் பௌர்ணமி வரை அதற்கான காலம். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் சீவிய நாலு குச்சிகளை மேலே எறிவார்கள். எத்தனை தட்டை மேல்நோக்கி விழுகிறதோ அத்தனை எண். ஒன்று விழுந்தால் பன்றி, இரண்டு நாய், மூன்று ஆடு, நாலும் விழுந்தால் மாடு. நாலும் கவிழ்ந்துவிட்டால் குதிரை. அதற்கு ஐந்து எண், எல்லாவற்றிலும் பெரியது. மாடும் குதிரையும் விழுந்தால் இன்னொரு எறி. பலகையில் 29 இடங்கள், ஒவ்வொரு அணிக்கும் நாலு காய்கள். எதிரியின் காய் நிற்கும் இடத்தில் போய் இறங்கினால் அதை வெட்டிவிடலாம், வெட்டினால் மறுபடி எறியலாம்.

தாயம் ஆடிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? பித்தளைத் தாயக்கட்டை எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் உரசி வெள்ளையாக்கி, வெள்ளை எத்தனை கறுப்பு எத்தனை என்று எண்ணி ஆடியவர்கள்தான் அதிகம். சோழி வைத்திருந்தவர்கள் நாலு சோழியைக் குலுக்கிப் போட்டார்கள். நாலும் கவிழ்ந்தால் எட்டு, அதுவே பெரிய எண், மேற்கொண்டு ஒரு ஆட்டமும் உண்டு. இரண்டு பக்கமுள்ள பொருளை எறிந்து எண்ணுவது, எல்லாம் கவிழ்ந்தால் பெரிய பரிசு, வெட்டினால் மறு ஆட்டம் என்று கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் தாயத்தில் தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே நுழைய முடியும். விழாதவர் அரை மணி நேரம் கட்டத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யுட்டில் அந்தத் தண்டனை இல்லை, முதல் எறியிலேயே காய் கிளம்பிவிடும். தன் அணிக் காய் இன்னொன்றின் மேல் போய் நின்றால் ஒன்றை ஒன்று சுமந்துகொண்டு சேர்ந்தே ஓடலாம். தாத்தா முதல் பேரன் வரை ஒரே அணியில் உட்காரும் பண்டிகை ஆட்டத்துக்கு இந்தத் தாராளம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 2022 நவம்பரில் தென் கொரிய அரசு யுட்நோரியைத் தேசிய மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடும் நம் வழக்கத்துக்கு அப்படி ஒரு பட்டியலில் இடம் கிடைத்ததில்லை. அதனால் ஏணியும் குறையவில்லை, பாம்பும் குறையவில்லை.

குறி பார்க்கும் வழக்கத்துக்கு வருவோம். 1849-ல் ஹொங் சொக்-மோ தொகுத்த பண்டிகை நூல் ஒன்று, புத்தாண்டில் குச்சியை மூன்று முறை எறிந்து அந்த ஆண்டின் பலனைப் பார்க்கும் வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. வேலனின் கழங்குக்கு அப்படித் தேதியிட்ட குறிப்பேடு இல்லை, பாட்டு மட்டுமே இருக்கிறது.

கொரியாவையும் இந்தியாவையும் முடிச்சுப் போட முயன்றவர்கள் பலர். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-ல் கொரிய மொழி இலக்கணத்தையும் திராவிட மொழி இலக்கணத்தையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ஆயுத்தா நாட்டிலிருந்து கப்பலேறிப் போய்க் கொரிய மன்னனை மணந்த இளவரசியின் கதை 13-ஆம் நூற்றாண்டு நூலொன்றில் இருக்கிறது. அவள் ஊர் அயோத்தி என்பார் சிலர், தமிழ்நாட்டின் தென்கோடி என்பார் சிலர். இந்த இரண்டு முயற்சியையும்விடச் சுவையானது ஸ்டூவர்ட் குலின் செய்தது. அவர் விளையாட்டில் தேடினார்.

குலின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருந்தவர். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குக் கொரியா அனுப்பிய குழுவின் செயலாளர் பாக் யோங்-கியூ தன் நாட்டு விளையாட்டுகளை அவருக்கு ஒவ்வொன்றாக விவரித்தார். படங்கள் வேறொரு வழியில் கிடைத்தன. 1886-ல் புசான் துறைமுகப் பக்கம் கிசான் என்ற ஓவியர் வரைந்தவை அவை. வரையச் சொன்னவர் மேரி ஷுஃபெல்ட், 1882-ல் அமெரிக்காவுக்கும் கொரியாவுக்கும் ஒப்பந்தம் போட்ட கடற்படை அதிகாரியின் மகள். இவற்றைச் சேர்த்து 1895-ல் ‘கொரிய விளையாட்டுகள்’ என்ற புத்தகம் வெளிவந்தது. அதில் குலின் துணிந்து ஒரு முடிவு சொன்னார்: இந்தியாவின் பச்சீசி, சதுரங்கம் உட்பட உலகின் எத்தனையோ பலகை ஆட்டங்களுக்கு யுட்தான் முன்வடிவம் என்று. பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கொரியாவிலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா, இரண்டு ஊரிலும் தனித்தனியே முளைத்ததா என்ற வழக்கில் குச்சிகள் சாட்சி சொல்வதில்லை. முடிவு தவறினாலும் பதிவு நிலைத்துவிட்டது. கிசானின் படங்களில் அன்றைய பிள்ளைகள் இன்னும் காற்றாடி விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கொரிய விளையாட்டுகளை அடுத்து விரிவாகத் தொகுத்ததும் வெளியாள்தான். ஜப்பானிய ஆட்சியின் தலைமை அலுவலகத்துக்காக முராயாமா சிஜுன் ஊர் ஊராகத் தகவல் திரட்டி 1941-ல் வெளியிட்டார். தமிழில் இந்த வேலையைத் தமிழரே செய்தார்: ஞா. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ 1954-ல் வந்தது. ஆண்பிள்ளை ஆட்டம், பெண்பிள்ளை ஆட்டம், பகலாட்டம், இரவாட்டம் என்று அவர் பிரித்த முறையைப் பார்த்தால், ஆட்டத்தின் சட்டத்தோடு ஆடுபவர் யார், ஆடும் நேரம் எது என்பதும் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நேரமும் இடமும் ஆட்டத்தை எப்படி மாற்றும் என்பதற்குப் பம்பரமே சாட்சி. போடிப் பையன் ஆணி அடித்த பம்பரத்தில் சாட்டைக் கயிற்றைச் சுற்றி, வீசி இழுத்துப் புழுதியில் குத்துவான். கொரியப் பம்பரத்தில் கயிற்றின் வேலை விட்ட பிறகும் முடிவதில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் அதைச் சுழலவிட்டு, நிற்காமலிருக்கச் சாட்டையால் அடித்துக்கொண்டே இருப்பார்கள். பனிக்கட்டி இல்லாத ஊரில் அந்த ஆட்டத்தின் பாதிச் சுகம் கிடைக்காது.

காற்றாடியிலோ இரண்டு ஊரும் ஒரே குற்றத்தைச் செய்திருக்கின்றன. பசையில் கண்ணாடித்தூளோ பீங்கான்தூளோ கலந்து நூலில் தடவி, எதிரியின் நூலை அறுப்பது அங்கேயும் உண்டு. நமக்கு அது மாஞ்சா, இன்று போலீஸ் வழக்கு. கொரியர்கள் கூடவே இன்னொன்றும் செய்தார்கள்: புத்தாண்டின் முதல் பௌர்ணமியில், வரும் கேடெல்லாம் தொலையட்டும் என்று காற்றாடியில் எழுதி, உயரே போனதும் நூலை அறுத்துவிடுவார்கள். அறுந்த காற்றாடியைத் துரத்திப் பிடிப்பது நம் தெருப் பிள்ளைகளின் சந்தோஷம். அங்கே அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுத்தவன் பீடையைத் தூக்கி வந்ததாகும்.

மாட்டையும் விட முடியாது. ஸிரூம் என்பது கொரிய மல்யுத்தம். இடுப்பிலும் தொடையிலும் துணியைக் கட்டி, ஒருவர் துணியை ஒருவர் பிடித்து, பிடியை விடாமல் மணல் தரையில் மோதுவார்கள். வென்றவருக்கு மரபான பரிசு ஒரு காளை. தேனி மாவட்டத்து அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் காளை பரிசாக மட்டும் நிற்பதில்லை, எதிராளியாகவே வாடிவாசலில் வருகிறது. ஸிரூமுக்கு 2018-ல் யுனெஸ்கோ தந்த அங்கீகாரத்தில் ஒரு வியப்பு: பேச்சுவார்த்தையே அரிதான வட கொரியாவும் தென் கொரியாவும் சேர்ந்து பெற்ற முதல் அங்கீகாரம் அது.

‘ஸ்குவிட் கேம்’ காட்டியதெல்லாம் தொன்மையான கொரியா என்று நினைத்துவிடக் கூடாது. 1971-ல் பிறந்த இயக்குநர் ஹ்வாங் டொங்-ஹியூக் தன் சிறுவயதுத் தெரு விளையாட்டுகளைத்தான் எடுத்துக்கொண்டார். காகித மடிப்பை அடித்துத் திருப்பும் ஆட்டமும் பொம்மை திரும்பினால் அசையாமல் நிற்கும் ஆட்டமும் 1910 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியில் வந்து ஒட்டியவை என்று கொரியர்களே வாதாடுகிறார்கள். ஆண்டவன் விளையாட்டும் ஆளப்பட்டவன் தெருவில் வேர் பிடிக்கும். நம் ஊர் கிரிக்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஹூண்டாய் 1996-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றிய பிறகு தமிழ்நாட்டில் கொரியக் குடும்பங்கள் கூடின. 2006-ல் சென்னையில் இன்கோ மையம் தொடங்கி, கொரிய மொழியையும் கலைகளையும் தமிழர்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் எதிர்த் திசையில் ஒரு விளையாட்டு கப்பலேறியிருந்தது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டது. 2002-ல் ஆசிய விளையாட்டு புசானுக்கே வந்தபோது கபடியும் கூடவே போனது. கிசான் படம் வரைந்த அதே புசான் பிற்பாடு கொரியக் கபடியின் தாயகமாயிற்று. மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டுவதைக் கொரிய மாணவர்கள் அங்கே கற்றார்கள். அவர்களில் ஒருவரான ஜாங் குன் லீ 2014-ல் புரோ கபடி தொடங்கியபோதே பெங்கால் அணிக்கு வந்துசேர்ந்தார்.

2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் கொரியா 34-32 என்று இந்தியாவை வென்றது. ஏதோ தப்பிவிட்டது என்று எல்லாரும் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள், கோப்பையும் கடைசியில் இந்தியாவுக்கே வந்தது. 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மறுபடி கொரியா, இம்முறை 24-23. அந்தப் போட்டியில் அதுவரை எல்லா முறையும் தங்கம் வாங்கிவந்த இந்திய ஆண்கள் அணி வெண்கலத்தோடு ஊர் திரும்பியது. வெள்ளி கொரியாவுக்குப் போனது.