ஒரு சொல்லின் விலை

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல; முட்டி மோதும் முரட்டு ஆட்டம். 1955-இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவருக்குரிய இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்தைத் தொழிலாக நடத்தவில்லை என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் புகுத்தியது. தொழிலாளி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே!

2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள். மறு வருடம் தேசியத் தொழிலாளர் வாரியம் இதில் தலையிட மாட்டோம் என்றது. வாக்குகள் எண்ணப்படவே இல்லை.

குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புதிதல்ல. கோப்பில் 'நிரந்தரம்' இருக்க வேண்டிய இடத்தில் 'தற்காலிகம்' என்றிருந்தால், விதவையின் மனு அங்கேயே நின்றுவிடும்.