யாழ்முரி முதல் பெடல் வரை: ஏமாற்றிய கருவிகளின் கதை

இசைக்கருவிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வென்ற கருவிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த கதையை நாம் பலமுறை படித்திருக்கிறோம். கத்ரி கோபால்நாத்தின் சாக்சஃபோனும் மாண்டலின் ஸ்ரீநிவாசின் சிறு கருவியும் கச்சேரி மேடையில் இடம்பிடித்த விதமும் நமக்குத் தெரியும். ஆவலோடு வாங்கி, வாசித்துப் பார்த்து, மனம் சலித்து, அறையின் மூலைக்குத் தள்ளப்பட்ட கருவிகளுக்கு மட்டும் வரலாறு எழுதப்படுவதில்லை. அவற்றின் கதையில்தான் மனிதச் செவியின் தீர்ப்பு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அண்மைக்காலத்தில் இந்தச் சலிப்புக்கு அதிகம் ஆளாகிறவர்கள் பேஸ் கிடார் வாசிப்போர். மெல்லிசைக் குழுக்களில் இக்கருவிக்குரிய இடத்தை நம்மவர்கள் அறிவார்கள். இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேட்போர் அதன் தனி நடையையும் ரசித்திருப்பார்கள். இக்கருவியின் ஒலியை உருமாற்றுவதற்கென்று காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டிகள் உண்டு. எஃபெக்ட்ஸ் பெடல் என்பது அவற்றின் பொதுப்பெயர். விளம்பரத்தில் கேட்கும்போது மலைப்பாக இருக்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போதும் அறை அதிரும். குழுவோடு மேடையேறியதும் பேஸ் கிடார் காணாமல் போய்விடும்!

இதற்குக் காரணம் மாயமன்று. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஃபஸ் எனப்படும் கரகரப்பை உண்டாக்கும் பெட்டி, அந்த அலையின் உச்சிகளை வெட்டிவிடுகிறது. அவ்வாறு வெட்டும்போது 82, 123 என்று மேலே மேலே புதிய அதிர்வுகள் முளைக்கின்றன. அடிநாதத்தின் பங்கு குறைந்து, மேல்நாதங்களின் பங்கு கூடுகிறது. அந்த மேல்நாதங்கள் கிடாரும் கீபோர்டும் ஏற்கனவே நிறைந்திருக்கும் இடத்தில் போய் விழுகின்றன. கூட்டத்தில் மேலும் ஒரு குரல் கூடுகிறது, ஆனால் கூட்டத்தைத் தாங்கி நின்ற தரை போய்விடுகிறது. உருமாறாத மூல ஒலியையும் உடன் கலந்துதரும் வசதியைப் பிற்காலத்துப் பெட்டிகளில் வைத்தது இக்குறையைத் தீர்க்கத்தான்.

விசித்திரம் என்னவென்றால், இந்தக் கரகரப்பு ஒலி புகழ்பெற்றதே ஒரு பேஸ் கருவியின் வழியாகத்தான். மார்ட்டி ராபின்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகரின் 1961ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்திகள் கொண்ட பேஸ் வாசித்தார். நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்துக் கருவியில் ஒரு பகுதி பழுதாகியிருந்ததால், அவர் வாசித்தது கரகரவென்று பதிவாயிற்று. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். பாடல் பெருவெற்றி பெற்றது. பதிவுப் பொறியாளரான கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு சிறு பெட்டிக்குள் உண்டாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேஸ் கிடார் ஒன்றுக்குள்ளேயே இந்தச் சுற்றமைப்பைப் பொருத்தியும் விற்றது.

அந்நிறுவனம் அதை எப்படி விளம்பரம் செய்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். கிடாரும் பேஸும் வாசிக்கிறவர் இப்பெட்டியைக் கொண்டு டிரம்பெட், டிராம்போன், டியூபா, செல்லோ ஆகியவற்றின் ஒலியை எழுப்பலாம் என்பதே அதன் வாக்குறுதி. கடைக்காரர்கள் நம்பினார்கள். முதல் ஆண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் கடைகளுக்குப் போயின. 1963இல் நிறுவனம் அனுப்பியவை மூன்றே மூன்று. 1964இல் ஒன்றுகூட இல்லை. கேட்டவர்கள் செல்லோவை எதிர்பார்த்தார்கள், கேட்டதோ வண்டின் இரைச்சல். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், ஊதுகருவிகள் வாசிக்கவேண்டிய ஒரு பகுதியைத் தற்காலிகமாக இப்பெட்டியைக் கொண்டு வாசித்து வைத்தார். அந்தத் தற்காலிக வாசிப்பே பாட்டாக வெளியாகி உலகமெங்கும் ஒலித்தது. அதன்பின் பெட்டிகள் மீண்டும் விற்றுத் தீர்ந்தன. பெட்டி மாறவில்லை. அதனிடம் யாரும் இப்போது செல்லோவைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

*

இந்த வகை ஏமாற்றம் நமக்குப் புதிதன்று. அதன் மிகப் பழைய கதைகளுள் ஒன்று நமது தென்னார்க்காட்டு மண்ணைச் சேர்ந்தது. அதைச் சொல்ல லால்பேட்டையிலிருந்து தொடங்குவது வசதியாக இருக்கும்.

வீராணம் ஏரியின் கரையில், உபரிநீர் வெள்ளியங்கால் ஓடையில் இறங்கும் மதகுக்கு அருகே இருக்கிறது லால்பேட்டை. அரபிக் கல்லூரியால் பெயர்பெற்ற ஊர். எந்தக் கருவியின் துணையுமின்றி, குரலை மட்டுமே நம்பி ஓதும் கலையைப் பயிற்றுவிக்கும் மரபு அங்கே தொடர்ந்து வருகிறது. சிறிது தெற்கே காட்டுமன்னார்கோவில். அதுதான் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்து இசையமைத்த நாதமுனிகளின் வீரநாராயணபுரம். பல தாளங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றின் எடையையும் ஓசையைக் கேட்டே அவர் சொன்னார் என்று ஒரு கதை வைணவ மரபில் உண்டு. அதே வட்டாரத்தில்தான் சைவத் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் திருநாரையூர் இருக்கிறது. கிழக்கே சிதம்பரம். மேற்கே, விருத்தாசலத்துக்குத் தெற்கே, இன்று ராஜேந்திரப்பட்டினம் என வழங்கும் திருஎருக்கத்தம்புலியூர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது.

யாழ்ப்பாணரின் கதையைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். ஞானசம்பந்தர் பாட, யாழ்ப்பாணர் யாழில் வாசித்து உடன் செல்கிறார். காரைக்காலுக்கு அருகிலுள்ள தருமபுரம் யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். அங்கே வந்தபோது உறவினர்கள், இவர் யாழில் இட்டு வாசிப்பதனால்தான் பிள்ளையாரின் பாடல்கள் உலகெங்கும் புகழ் பெறுகின்றன என்று பெருமை பேசினார்கள். யாழ்ப்பாணருக்கு அது பொறுக்கவில்லை. கருவிக்குள் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடி உண்மையை இவர்களுக்கு உணர்த்தவேண்டும் என்று சம்பந்தரை வேண்டிக்கொண்டார். சம்பந்தர் பாடினார். யாழ்ப்பாணரால் அதை வாசிக்க முடியவில்லை. யாழ்முரி என்ற பெயர் அந்தப் பதிகத்துக்கு வந்தது அதனால்தான்.

பக்திக் கதையாக மட்டும் இதைப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதற்குள் ஓர் இசையியல் உண்மையும் இருக்கிறது. வில்யாழின் வழிவந்த கருவிகளில் ஒவ்வொரு தந்தியும் ஒரு சுரத்துக்கே உரியது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குரலின் நெளிவுக்கு அங்கே இடம் குறைவு. மெட்டுகளின் மேல் தந்தியை இழுத்து வாசிக்கும் வீணைக்கு அந்தத் தடை இல்லை. நாளடைவில் யாழ் வழக்கொழிந்து வீணை அவ்விடத்தைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மறைந்த அந்தக் கருவியை நூல்களிலிருந்து மீட்டு விளக்க முயன்ற விபுலாநந்த அடிகள், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது.

கதையின் அடுத்த கட்டமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோற்றுப்போன யாழை உடைத்துவிட யாழ்ப்பாணர் ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து அதை வாங்கிக்கொள்கிறார். இறைவனின் பெருமை ஒரு கருவிக்குள் அடங்குமா, இதில் இயன்ற அளவு வாசித்தால் போதும் என்று சொல்லித் திருப்பித் தருகிறார். யாழ்ப்பாணரும் இறுதிவரை யாழோடு உடன் செல்கிறார்.

*

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். நம் நாட்டுக்கு வந்த முதல் ‘பெடல்’ இசைக்கருவிகளில் ஒன்று என்று ஆர்மோனியத்தைச் சொல்லலாம். 1840களில் பாரிசில் உருவான அது, காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் கருவி. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1875இல் அதைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக மாற்றினார். அதன்பின் அது இந்தியா முழுதும் பரவியது. தமிழ் நாடக மேடையில் ஆர்மோனியம் இல்லாத இரவு இல்லை என்றானது. எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலுக்கு அவர் அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் துணை நின்றது. பாடகரின் சுருதியை இன்றும் ‘இத்தனை கட்டை’ என்று சொல்கிறோம் அல்லவா? அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டைதான்.

ஆயினும் செவி கூர்மையுள்ளவர்களுக்கு அது ஏமாற்றம் தந்தது. ஓர் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு நிலையான ஒலிகள்தான், இடையில் நெளிவில்லை, கமகமில்லை. பாரதியார் தம் சங்கீதக் கட்டுரையில் இதைக் கடுமையாகச் சாடினார். குறையைக் கருவிக்குள்ளேயே தீர்க்க முயன்றவர்களும் உண்டு. கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியும் கே. பி. தேவலும் சேர்ந்து இருபத்திரண்டு சுருதிகளையும் தரும் ஒரு ஆர்மோனியத்தை உருவாக்கச் செய்தார்கள். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் அது பரிசீலனைக்கு வந்தது. உஸ்தாதுகள் பாடிக்காட்டிய சுருதிகளோடு அது பொருந்துகிறதா என்ற கேள்வி எழுந்தது. அவையோர் அதை ஏற்கவில்லை. தஞ்சையிலிருந்து சென்ற ஆபிரகாம் பண்டிதரும் அம்மாநாட்டில் இருந்தார். சுருதி இருபத்திரண்டன்று, இருபத்துநான்கு என்ற தம் கொள்கையை அங்கே முன்வைத்தார். அடுத்த ஆண்டு அவருடைய கருணாமிர்த சாகரம் வெளியாயிற்று.

பரோடாவில் நடந்தது நேர்மையான சோதனை. கருவியைக் கேட்டார்கள், விவாதித்தார்கள், மறுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. அகில இந்திய வானொலியின் மேற்கத்திய இசைப் பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபோல்ட்ஸ் 1938இல் ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதினார். தாகூருக்கும் நேருவுக்கும் அக்கருவி பிடிக்கவில்லை. 1940 மார்ச் 1 முதல் வானொலி ஆர்மோனியத்துக்குக் கதவடைத்தது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக நீடித்த அந்தத் தடை 1971இல்தான் தளரத் தொடங்கியது, அதுவும் உயர்தரக் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் என்ற அளவில்.

நாட்டின் மிகப்பெரிய இசை மேடை ஒரு தலைமுறைக்கு இல்லாமல் போனது யாருக்கு? பெட்டிக்கு அதனால் நட்டம் ஏதுமில்லை. நட்டம் அதை வாசித்து வாழ்ந்தவர்களுக்கு. வானொலி கேட்காவிட்டால் என்ன, ஆர்மோனியம் தனக்குரிய இடங்களைக் கண்டுகொண்டது. பஜனை மடங்களில் அது இருந்தது, கவாலி மேடையில் இருந்தது. கடலூர், விழுப்புரம் பகுதிகளின் தெருக்கூத்தில் முகவீணையும் மத்தளமும் முழங்க, பின்பாட்டுக்காரர்களின் நடுவே ஆர்மோனியம் விடியும்வரை சுருதி பிடித்து நின்றது. கூத்துக்காரர் உச்சஸ்தாயியில் பாடும்போது அவர் காலூன்ற ஒரு தரை வேண்டும். அந்தத் தரையை ஆர்மோனியம் தந்தது. கமகம் வாசி என்று கூத்துக்களத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

*

மூன்று கதைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. யாழிடம் குரலைக் கேட்டார்கள், ஆர்மோனியத்திடம் வீணையைக் கேட்டார்கள், ஃபஸ் பெட்டியிடம் செல்லோவைக் கேட்டார்கள். மூன்றும் ஏமாற்றின. ஏமாந்த செவியின் மீது எனக்குக் குறையில்லை. அது சரியாகவே கேட்டது. பரோடா அவையும் 1963இன் அமெரிக்க வாடிக்கையாளர்களும் தவறாகத் தீர்ப்பளிக்கவில்லை. இன்று பேஸ் கிடாருக்கு ஒரு பெடலை வாங்கி, மேடையில் கேட்டு, அது வேண்டாம் என்று முடிவு செய்யும் இளைஞரும் சரியானவரே.

ஆனால் ஒரு செவியின் ஏமாற்றம் எல்லோருக்குமான விதியாக மாறும்போது நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். திருமுறை கண்ட புராணம் சொல்லும் செய்தி ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. சிதம்பரத்தில் தேவார ஏடுகள் கிடைத்தபின், அவற்றின் பண்கள் இன்னவை என்று அறியாமல் இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் திகைத்தார்கள். அப்போது பண்களை வகுத்துக் கொடுத்தவர் எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்தவர்.

எந்தக் கருவி தருமபுரத்தில் ஊரறியத் தோற்றதோ, அதை வாசித்தவரின் குலமே பல நூற்றாண்டுகள் கழித்துப் பாடல்களுக்கு இசையை மீட்டுத் தந்தது என்று நம் மரபு நம்புகிறது. அன்று சம்பந்தர் யாழை உடைக்க விட்டிருந்தால், இந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது. 1940இல் வானொலி நிலையத்தின் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட ஆர்மோனியக் கலைஞர்களோடு எவையெல்லாம் பதிவாகாமல் போயின என்பதை எண்ணிப் பார்க்கும்போது, எனக்கு எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் நினைவுதான் வருகிறது.