சாந்தோம் பேராலயம்

சென்னை மயிலாப்பூர்க் கடலோரத்தில் உள்ள புனித தோமையார் பேராலயம், சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். இயேசுவின் சீடர் தோமையார் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு சொல்லும் இடத்தின் மேல் எழுந்தது. இன்றுள்ள கட்டடத்துக்கு நூற்று முப்பது வயதுதான். அது நிற்கும் மண்ணே மிகப் பழையது.

போர்த்துக்கீசியருக்கு அந்த இடத்துக்கு வழி திறந்தது பழவேற்காட்டில். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் மீன்பிடி ஊராக இருக்கும் பழவேற்காடு, அன்று மலாக்கா வரை கப்பல் ஓடிய துறைமுகம். 1517-இல் மலாக்காவிலிருந்து வந்து அங்கே இறங்கிய தியோகோ பெர்னாண்டஸ் முதலியோரை ஓர் ஆர்மீனிய வணிகர் மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்றார். அந்தக் காலத்தில், கல்லறை இருந்த பழைய கோயில் பாழடைந்து கிடந்தது என்றும், அங்கே ஏழை முஸ்லிம் ஒருவர் பிச்சையெடுத்து விளக்கேற்றி வந்தார் என்றும் போர்த்துக்கீசிய எழுத்தாளர் துவார்த்தே பார்போசா எழுதியிருக்கிறார். பேராலயத்தின் வரலாற்றில் அந்த விளக்குக்கும் இடம் உண்டு.

1523-இல் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகளும் ஓர் ஈட்டிமுனையும் மண் நிறைந்த கலயமும் கிடைத்தன. அங்கே போர்த்துக்கீசியர் கோயில் கட்டினர். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பே சாந்தோம். 1545-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே சில மாதங்கள் தங்கினார். 1606-இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமானது. பின்னர் கோல்கொண்டாப் படை, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது.

பழைய கோயிலை 1893-இல் இடித்தவர் ஆயர் ஹென்ரிக் ஜோசே ரீட் ட சில்வா. ராணுவப் பொறியாளர் கேப்டன் ஜே. ஏ. பவர் வரைந்த புதிய கோயில் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. வெள்ளைச் சுவர்கள், கூர்முனை வளைவுகள், ஒடுங்கி உயர்ந்த சாளரங்கள் என முழுக்கப் புதிய கோதிக் பாணி. முகப்பை ஒட்டிய ஊசிக் கோபுரத்தின் உயரம் 155 அடி. அது தொலைவிலிருந்தே கண்ணில் படும். ஆனால் கட்டடத்தின் பொருளைச் சொல்வது நடுக்கூரையிலிருந்து எழும் சிறிய கோபுரம்தான்: நேர் கீழே கல்லறை இருப்பதற்கு அது அடையாளம். பலிபீடத்துக்குப் பின்னுள்ள வண்ணக் கண்ணாடியில், உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தோமையார் தொட்டு நம்பும் காட்சி. மரத்தில் செதுக்கிய மயிலை மாதா சுரூபம் போர்த்துக்கலிலிருந்து வந்தது.

1952-இல் மயிலையும் சென்னையும் ஒரே உயர்மறைமாவட்டமாயின. 1956-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பேராலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து செபித்தார். 2004-இல் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வாசல் அமைந்தது. அதனால் மேலே பூசை நடக்கும்போதும் திருப்பயணிகள் கீழே இறங்கி வேண்டிக்கொள்ளலாம்.

இந்த வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று சமணரின் நேமிநாத சுவாமியைக் குறிப்பிடுகிறது. பழைய கபாலீசுவரர் கோயிலும் கடற்கரையில்தான் இருந்தது என்பது மயிலையின் நெடுநாள் நினைவு. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் இந்தக் கற்களையும் ஒரு முறை குனிந்து படிக்க வேண்டும்.